பதினேழாவது பெயர்

போன மாதம் எனக்குப் பிரிவுபசார விழா நடத்தினார்கள். எப்ரோன் கல்லூரியில் முப்பத்தாறு வருடம் பதிவாளர் நாற்காலியைத் தேய்த்ததற்கு ஒரு வெள்ளித்தட்டு, ஒரு பூங்கொத்து, ஆறு சொற்பொழிவு. ஐந்து சொற்பொழிவு முடியும்வரை தூங்காமல் சமாளித்தேன். ஆறாவதாக எங்கள் புதிய தலைவர் எழுந்தார். சின்ன வயது, நல்ல மனிதர், பேச ஆரம்பித்தால் கைகளும் சேர்ந்து பேசும்.

"மிஸ் ஆர்தீலியா பின்க்னி யாரு தெரியுமா?" என்றார். "தனக்கு ரத்த உறவே இல்லாத ஒரு சலவைக்காரத் தாயோட பேருக்கு, ஒவ்வொரு நிறுவனர் நாளும் எந்திரிச்சு நின்னு பதில் சொன்னவங்க. முப்பத்தாறு வருஷம்! விசுவாசம்னா இதுதான்யா."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அது வெட்கம். வேறு பெயர் எதுவும் அதற்குக் கிடையாது.

இனி அந்தப் பெயருக்கு வேறு யாராவது பதில் சொல்ல வேண்டும். இரண்டு மாணவிகள் இப்போதே வந்து கேட்டுவிட்டார்கள். யார் ஏற்றாலும் முதலில் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். இது லுவெனியா ட்ராமெல் என்ற பெண்ணின் கதை. என்னுடைய கதையும் இடையில் வரும். வராமல் எழுத முடிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

எங்கள் பெயர்ப்பட்டியல் வழக்கம் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். அடிமைகளாக இருந்த கறுப்பு ஜனங்களுக்கு விடுதலை வந்து இரண்டாவது வருடம், 1867 ஜனவரியில், பருத்தி அரைக்கும் பழைய கொட்டகையில் முதல் வகுப்பு தொடங்கியது. அன்று பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் முப்பத்தோரு பேர். ஆறு வயதுப் பையனும் உண்டு, அறுபது வயதுத் தாத்தாவும் உண்டு. வடக்கிலிருந்து வந்த வெள்ளைக்கார மிஷன் டீச்சர் ஒரு பெரிய பதிவேட்டில் வரிசையாகப் பெயர் எழுதினார். அந்த முப்பத்தோரு பெயரையும் ஒவ்வொரு நிறுவனர் நாளிலும் தேவாலயத்தில் வாசிப்போம். முன்பெல்லாம் அவர்களே எழுந்து "உள்ளேன்" என்றார்கள். அவர்கள் போன பிறகு பிள்ளைகள் சொன்னார்கள், பிறகு பேரப்பிள்ளைகள். வம்சத்தில் கடைசி ஆள் யாரோ, அவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் பெயரை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். பதில் இல்லாமல் எந்தப் பெயரும் நிற்கக் கூடாது. விற்று வாங்கப்பட்ட காலத்தில் எங்கள் ஆட்களுக்கு இருந்ததெல்லாம் விலைப்பட்டியலில் ஏறிய பெயர். இது நாங்களாக ஏறிய முதல் பட்டியல்.

பதினேழாவது பெயர் சில்பா. குடும்பப் பெயர் கிடையாது. அவருடைய மகள்தான் லுவெனியா.

எனக்குத் தெரிந்த காலத்தில் மிஸ் லுவெனியாதான் கல்லூரிச் சலவைக்கூடத்தின் தலைவி. கட்டையான உருவம், கை மட்டும் ஆண்பிள்ளைக் கை. திங்கள் ஊறவைப்பு, செவ்வாய் கொப்பரையில் அவிப்பு, புதன் நீலமும் கஞ்சியும், வியாழன் வெள்ளி இஸ்திரி. முந்நூறு மாணவர்களின் சட்டையையும் காலரை வைத்தே அடையாளம் சொல்லுவார். "மிஸ்டர் பார்க்கர், ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போனேன்னு சொன்னீங்க. ஒங்க காலரு மாதாகோயில் பக்கமே போகலையே" என்று துணி வாங்க வந்தவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார். பையன் நெளிவான். பக்கத்தில் நிற்பவன் சிரித்தால் அவனுடைய காலருக்கும் ஒரு வார்த்தை கிடைக்கும்.

மிஸ்டர், மிஸ் என்று சும்மா சொல்லவில்லை. ஊருக்குள் எங்கள் கிழவர்களைப் 'பையா' என்பார்கள், கிழவிகளை 'ஆயா' என்பார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகூட அப்படித்தான் கூப்பிடும். அதனால் கல்லூரி வாசலுக்குள் சட்டம் வேறு. சமையல்காரர் மிஸ்டர், தோட்டக்காரர் மிஸ்டர், துணி துவைக்கிறவர் மிஸ். தவறிச் சொன்ன மாணவனைத் தலைவரே கூப்பிட்டுக் கண்டிப்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் அந்தக் கூடத்தில் இஸ்திரி போட்டுத்தான் படித்தேன். அப்பா குத்தகைப் பருத்திக்காரர். கட்டணத்துக்கு வழி இல்லாத பிள்ளைகள் அரை நாள் வேலை, அரை நாள் வகுப்பு. முதல் வருடமே அப்போதைய தலைவரின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் இஸ்திரிப்பெட்டியின் முழு உருவத்தையும் பதித்துவிட்டேன். அன்றைக்கு என்னை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். மிஸ் லுவெனியா சட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போய், "என் கை தவறிடுச்சுங்க, வயசாகுதுல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயதுதான். அடுத்த சட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான்.

அவருடைய அம்மா சில்பாவின் கதையை அந்த இஸ்திரி மேசையில்தான் கேட்டேன். துணி தேய்க்கும் நீராவி உருளை சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் இருபது வருடம் நின்று மிஸ் லுவெனியாவுக்குக் காது ஏறக்குறைய போய்விட்டது. அதனால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார்.

"எங்கம்மாவுக்கு அப்ப முப்பத்தி நாலு வயசு. காலைல பெஞ்சு, மத்தியானம் துவைப்பு. டீச்சரம்மாவோட துணி, விடுதிப் பசங்களோட துணி, எல்லாம் அவதான். மூணாம் வருஷம் முகமூடி போட்ட வெள்ளக்காரப் பயலுக வந்து கொட்டகைக்குத் தீ வெச்சானுங்க. எல்லாரும் காட்டுப் பக்கம் ஓட, எங்கம்மா உள்ள ஓடுறா. மேசை மேல அந்தப் பெரிய புஸ்தகம் கெடக்கு. அதுல எல்லாரு பேரும் இருக்குன்னு அவளுக்குத் தெரியும். எந்தப் பேரு எங்க இருக்குன்னுதான் தெரியாது. எடுத்தா, ஈரப் போர்வைக்குள்ள சுருட்டினா, கூடையில போட்டுத் தலையில வெச்சுக்கிட்டா. இடுப்புல நான். அந்தப் பயலுக நடுவுலயே நடந்து வந்துட்டா!"

"தடுக்கலையா?" என்று வாயை நன்றாகத் திறந்து கேட்பேன்.

"சலவைக்காரிய எவன் பாக்குறான் பொண்ணே?" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார்.

பதிவேட்டின் ஓரத்தில் இன்றைக்கும் தண்ணீர்க் கறை இருக்கிறது. அந்தப் பெண் தலையில் சுமந்திருக்காவிட்டால் முப்பத்தோரு பேரில் ஒரு பெயரும் எங்களிடம் இருக்காது.

அம்மா இறந்த மறுவருடத்திலிருந்து, 1892 முதல், மிஸ் லுவெனியா பதில் சொல்லி வந்தார். ஒரு வருடமும் தவறவில்லை. காது போன பிறகு அதற்கொரு வழி கண்டுபிடித்தார். சட்டைகளிலிருந்து உதிர்ந்த பட்டன்களில் பதினாறை எண்ணி ஒரு சின்னப் பையில் போட்டுக்கொண்டு வருவார். முன்வரிசையில் உட்கார்ந்து அவற்றை மடியில் கொட்டிக்கொள்வார். ஒருவர் எழுந்து பதில் சொல்லி உட்கார்ந்ததும் ஒரு பட்டன் பைக்குள் போகும். மடி காலியானால் அடுத்தது அம்மா. பெயரை வாசிப்பவர் வாயைப் பார்ப்பார், எழுந்து நிற்பார், "உள்ளேன்" என்று கூரை அதிரச் சொல்லுவார். அதோடு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார், அடுத்து எழுவது யார் என்று பார்ப்பதில்லை. மாணவர்களுக்கு அது பிடிக்கும். அவருக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. செங்கல் சூளையில் வேலை பார்த்த கணவரும் முன்னமே போய்விட்டார். வருடத்தில் அந்த ஒரு வார்த்தைதான் அவர் சபையில் பேசுவது.

நான் படித்து முடித்துப் பதிவாளர் அலுவலகத்திலேயே எழுத்தராகச் சேர்ந்தேன். குரல் நன்றாக இருந்ததால் பெயர்ப்பட்டியல் வாசிக்கும் வேலையும் எனக்கு வந்தது. பதினேழாவது பெயர் வரும்போது காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, முன்வரிசையைப் பார்த்து, உதட்டை நன்றாக அசைத்து "சில்பா" என்பேன். எங்கள் இருவருக்கும் இடையில் அப்படி ஒரு ஏற்பாடு.

1935 ஜனவரியில் மேற்பார்வைக் குழு வந்தது. வெள்ளைக்காரர்கள் மூன்று பேர். தெற்கில் எந்தக் கல்லூரி கல்லூரி, எது வெறும் பள்ளிக்கூடம் என்று தரம் போடுகிறவர்கள். எங்களுக்கு முதல் தரம் கிடைத்தால் எங்கள் பட்டத்தை மற்ற இடங்களில் மதிப்பார்கள். கிடைக்காவிட்டால் நாலு வருடம் படித்த பிள்ளை எங்கே போனாலும் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். நூலகத்தில் அலமாரி காலியாகத் தெரியாமல் இருக்கப் புத்தகங்களை இடைவெளி விட்டு அடுக்கினோம். சிரிக்காதீர்கள், நானும் அடுக்கினேன்.

அவர்கள் வருகிற வாரத்திலேயே நிறுவனர் நாள். டீன் ரெயின்ஸ் பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். முப்பத்தோரு பேரும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று ஒரு தாளில் தட்டச்சு செய்து, மேடையில் இருப்பவர்களுக்குத் தர வேண்டும் என்பது அவர் யோசனை. போதகர், ஆசிரியை, தச்சர், மருத்துவச்சி, சட்டசபைக்குப் போன ஒருவர் என்று எழுதிக்கொண்டே வந்தேன். பதினேழாவது வரியில் நின்றேன். மிஷன் டீச்சரின் மணியான கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. "சில்பா. வயது சுமார் 34. எழுத்து ஏறவில்லை. துவைப்பு வேலைக்கு அனுப்பப்பட்டாள்."

தன்னைப்பற்றி இப்படி எழுதியிருந்த புத்தகத்தைத்தான் அந்தப் பெண் தீயிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

டீன் என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்த மனிதர்.

"மிஸ் பின்க்னி, இத எப்படி அவங்க கையில குடுக்குறது? நம்ம முதல் வகுப்பிலயே படிக்க முடியாதவங்க இருந்தாங்கன்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? 'இவங்களுக்கெல்லாம் எதுக்குக் காலேஜு'ன்னு கேக்கத்தான் வர்றானுங்க."

"பேர் மட்டும் போடலாமே சார், குறிப்பு வேண்டாம்."

"பதிவேட்டையும் பாப்பாங்க. தாள்ல பேர் இருந்தா, பதிவேட்டுல அதுக்கு எதிர்ல என்ன எழுதியிருக்குன்னு தேடுவாங்க. முப்பதுன்னு போடுங்க, மேடையிலயும் முப்பதே வாசிங்க. முழு எண்ணா அழகா இருக்கும். இந்த ஒரு வருஷம் மட்டுந்தான். மிஸ் லுவெனியாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க, ஒங்கமேல அவங்களுக்குப் பிரியம்." கதவருகே போய்த் திரும்பி, "பழைய பதிவாளர் ஜூன் மாசத்தோட ஓய்வு. யோசிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார்.

நான் வாதாடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வாதாடவில்லை. முப்பது என்று தட்டினேன். அடுத்த வரியில் இருந்த கேலெப் ஸ்வின்ட், கொல்லர், பதினேழாம் இடத்துக்கு வந்தார்.

அன்று மாலை சலவைக்கூடத்துக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். மிஸ் லுவெனியா என் கறுப்பு அங்கியை மேசையில் விரித்து மடிப்பு மடிப்பாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வா வா. நாளைக்கு வெள்ளக்காரன் முன்னாடி நிக்கப்போற, அங்கி கசங்கியிருந்தா என்னையில்ல சொல்வான்? இங்க பாரு, தொப்பி." அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். ஊதா நிறம், பக்கத்தில் ஒரு சேவல் இறகு. "எப்படி?"

"நல்லா இருக்கு மிஸ் லுவெனியா."

"எங்கம்மா பேரச் சொல்றப்ப அவனுக திரும்பிப் பாப்பானுங்கல்ல? அன்னிக்கு அவளப் பாக்கல. நாளைக்குப் பாக்கட்டும்."

நான் அங்கியை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் இன்னொன்றும் நடந்தது. எங்கள் தேவாலயத்தின் முன்வரிசையை ஊரிலிருந்து வந்த வெள்ளைக்கார விருந்தினருக்கு விட்டுவிட்டோம். மிஸ் லுவெனியாவைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். கடைசித் தூண் பக்கம் ஊதாத் தொப்பி தெரிந்தது. அங்கிருந்து என் வாய் அவருக்குத் தெரியாது. பட்டன்தான் துணை.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள், "உள்ளேன்" என்றார்கள். பதினாறாவது ஆள் உட்கார்ந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. "கேலெப் ஸ்வின்ட்" என்றேன்.

கொல்லரின் பேரன், பல் வைத்தியர் டாக்டர் ஸ்வின்ட், பளபளக்கும் கோட்டோடு எழுந்து, "உள்ளேன்" என்றார். அதே நொடியில் பின்னாலிருந்து கூரை அதிர இன்னொரு "உள்ளேன்!" வந்தது.

எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு பெயருக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். டாக்டர் ஸ்வின்ட் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அது போதும், மாணவர் பக்கம் கொல்லென்று சிரிப்பு கிளம்பியது. மேடையில் குழுவின் தலைவர் எங்கள் தலைவர் பக்கம் சாய்ந்து, "யாரு அந்தக் கிழ ஆயா?" என்று கேட்டார். அடுத்த நாற்காலிக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது.

மிஸ் என்று சொல்லாத மாணவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கிற தலைவர், "எங்க துணி துவைக்கிறவ. காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லித் தானும் சிரித்தார்.

மிஸ் லுவெனியா சுற்றிலும் பார்த்தார். தூரத்தில் நிற்கும் பல் வைத்தியரைப் பார்த்தார். தன் காலி மடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்போதாவது நான் "சில்பா" என்று சொல்லியிருக்கலாம். மூன்று எழுத்து. ஒரு மூச்சுக்குக் கூட வராது. சிரிப்பு அடங்கியிருக்கும், அவர் நின்றுகொண்டுதான் இருந்தார், மறுபடி ஒருமுறை "உள்ளேன்" என்றிருப்பார், முடிந்திருக்கும். நான் அடுத்த பெயரை வாசித்தேன். குரல் நடுங்கக்கூட இல்லை. நல்ல குரல் என்று பெயர் வாங்கியவள் அல்லவா.

அவர் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடைசிப் பெயர்வரை தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்தார். அதுவரை அந்தப் படியேறி அவர் வந்ததே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சத்தமாகப் பேசுகிற மனுஷி மிகவும் மெல்லப் பேச முயற்சி பண்ணினார்.

"மிஸ் பின்க்னி, காலேஜு மானத்த வாங்கிட்டேன்."

"உக்காருங்க மிஸ் லுவெனியா."

"பட்டன் பதினாறுதான்னு நெனச்சேன். எங்கயோ ஒண்ணு கொறஞ்சிருக்கு. ராத்திரி அவசரத்துல எண்ணினேன், தொப்பி நெனப்புல இருந்துட்டேன். இந்த வயசுல தொப்பி கேக்குதா எனக்கு? எல்லாத்தையும் டப்பாவுல கொட்டிட்டேன், எத்தன இருந்துச்சுன்னுகூடத் தெரியல. எங்கம்மா பேர் வர்றதுக்குள்ள எந்திரிச்சுட்டேன். அப்புறம் அவ பேர நீ சொன்னப்ப, எந்திரிக்க வெக்கமாப் போச்சு. பதில் இல்லாம விட்டுட்டேனே. பேரு அப்படியே நின்னிருக்கும்ல?" கண்ணைத் துடைத்தார். "நீ நின்னு பாத்திருப்ப."

நான் அந்தப் பெயரைச் சொன்னேன் என்றே அவர் நம்பியிருந்தார். நான் சொல்லாமல் விடுவேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். வெளியே டீன் நடமாடிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் என் மனதில் இருந்தது.

"பரவாயில்ல மிஸ் லுவெனியா" என்றேன். "வயசானா இப்படித்தான். மனசுல வெச்சுக்காதீங்க."

ஆம். நான் அவரை மன்னித்தேன். தலைவர் சட்டையை நான் கருக்கியபோது என் தப்பைத் தெரிந்தே தன் தலையில் போட்டுக்கொண்டவரை, தெரியாமல் இன்னொரு தப்பையும் சுமக்கவிட்டுப் பெரிய மனுஷியாக மன்னித்தேன்.

ஏப்ரலில் அறிக்கை வந்தது. இரண்டாம் தரம். நூலகத்தில் புத்தகம் குறைவு, ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை, ஆசிரியர் சம்பளம் போதாது. சில்பாவுக்கு எழுத்து ஏறாததைப்பற்றி ஒரு வரியும் இல்லை. பதிவேட்டை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும், நிறுவனர் நாளில் ஒரு முதிய வேலைக்காரி செய்த வேடிக்கை மிகவும் ரசிக்கும்படி இருந்தது என்று எழுதியிருந்தார்கள். டீன் அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஜூனில் எனக்குப் பதிவாளர் வேலை கிடைத்தது.

அதன் பிறகு சலவைக்கூடத்தில் கேலி குறைந்துபோனது. காலர் அழுக்கைப் பார்த்தும் மிஸ் லுவெனியா சும்மா இருந்தார். சில பையன்கள் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் "உள்ளேன்!" என்று கத்திவிட்டு ஓடுவார்களாம். அவருக்குக் கேட்காது. ஆனால் வாய் அசைவது தெரியும்.

டிசம்பரில் நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அடுத்த பட்டியலில் சில்பாவின் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், டீனிடம் கேட்காமலே. அதைச் சொல்லி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். நீராவி உருளை ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முந்திக்கொண்டார்.

"நானே வரணும்னு இருந்தேன் பொண்ணே. எங்கம்மா பேர ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கணும். எனக்கு இனிமே அந்த எடத்துல நிக்க மொகம் இல்ல. ரொம்ப யோசிச்சேன். நீயே எடுத்துக்க."

"நானா?"

"நீதான் வாசிக்கிற. நீயே பதிலும் சொல்லிட்டா தப்பு வர எடமே இல்லல்ல? காது வேணாம், பட்டன் வேணாம். நீ ஒருநாளும் எங்கம்மாவ விட்டதில்ல."

"மிஸ் லுவெனியா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அவர் காதைக் காட்டி, உருளையைக் காட்டி, தலையை ஆட்டினார். நான் நிறுத்திக்கொண்டேன். கேட்காது என்பது எனக்கு அன்றைக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! கத்தியிருக்கலாம். உருளையை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அவருக்குப் படிக்கத் தெரியும், எங்கள் பள்ளியிலேயே ஐந்தாவது வரை படித்தவர். காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம். பதிவாளரிடம் இல்லாத காகிதமா?

"சரி" என்று உதட்டை அசைத்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சூடாக, ஈரமாக, கஞ்சி வாசனையோடு இருந்தன அந்தக் கைகள்.

அதற்குப் பிறகு அவர் மூன்று வருடம் இருந்தார். அந்த மூன்று வருடத்தில் ஆயிரம் நாளாவது அவரைப் பார்த்திருப்பேன். ஒரு நாளும் சொல்லவில்லை. அடக்கம் பண்ணின அன்று கல்லறை ஓரத்திலும் எல்லோருக்கும் முன்னால் நின்று, அவர் என்னை எவ்வளவு நம்பினார் என்று பேசிவிட்டு வந்தேன். எல்லோரும் அழுதார்கள்.

பெயரை வாங்கிய மறுமாதம், 1936 நிறுவனர் நாளன்று, அவரை முன்வரிசையில் உட்காரவைத்தேன். பழைய பழுப்புத் தொப்பியோடு வந்திருந்தார். ஊதாத் தொப்பியை அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை. பழக்கம் விடவில்லை, மடியில் பட்டன்களைக் கொட்டிக்கொண்டார். பெயர்கள் போகப்போகப் பட்டன்கள் பைக்குள் போயின. பதினாறாவது ஆள் உட்கார்ந்தார். நான் தலையைத் தூக்கி, அவரைப் பார்த்து, "சில்பா" என்றேன். காகிதத்தைக் கீழே வைத்தேன். "உள்ளேன்" என்றேன். என் நல்ல குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாக உடைந்தது. கூட்டத்தில் யாரோ "ஆமென்" என்றார்கள்.

எல்லாம் முடிந்து ஜனங்கள் சாப்பாட்டுக்குக் கிளம்பியபோது அவர் என்னிடம் வந்து பட்டன் பையை நீட்டினார்.

"இதுவும் ஒனக்குத்தான். எண்ணி வாங்கிக்க."

"எதுக்கு மிஸ் லுவெனியா?"

"எண்ணுங்கிறேன். நான் ஒண்ணு கொறச்சு எண்ணினவ. இன்னிக்குக் காலையில நாலு தடவ எண்ணியும் எனக்கு நம்பிக்கை வரல."

பெஞ்சில் கொட்டி, அவர் பார்க்க ஒவ்வொன்றாக எண்ணினேன். எலும்புப் பட்டன், சிப்பிப் பட்டன், படைவீரன் கோட்டிலிருந்து வந்த ஒரு பித்தளைப் பட்டன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. பையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"பாத்தியா? நீ எண்ணினா தப்பே வராது."